மகள் இறங்கும் தரிப்பிடம்

நான் சூரிச்சுக்குப் பக்கத்தில், பாடன் நகரில் பஸ் ஓட்டுகிறேன். பத்தொன்பது வருஷமாகிறது. அதற்கு முன் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினேன், அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. பஸ்ஸைப் பற்றி என்றால் விடிய விடியக் கதைப்பேன், என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது நான் ஓட்டும் பஸ்ஸைப் பற்றி அல்ல. ஜப்பானில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஒரு கம்பனி நகரத்தில் ஓடும் பஸ்ஸைப் பற்றி. மூன்று வருஷமாக, ஒவ்வொரு வேலைநாளும் நான் அதில் போய்வந்தேன். விமானமும் ஏறவில்லை, டிக்கெட்டும் எடுக்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். சூரிச்சில் மின்பொறியியல் படித்தாள், படித்து முடித்ததும் எங்கள் ஊர்த் தொழிற்சாலை ஒன்றிலேயே வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அடடா, நமக்கு எல்லாம் கூடி வந்துவிட்டது என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டு முடிக்கவில்லை, அந்தத் தொழிற்சாலை ஜப்பான் கம்பனியோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியது, பிள்ளையை அங்கே அனுப்பினார்கள்.

"ரெண்டு வருஷந்தானே அப்பா" என்றாள் விமான நிலையத்தில்.

"ரெண்டு வருஷந்தானே" என்று நானும் சொன்னேன். சொல்லிவிட்டு வந்து அன்றைக்கே கணினியில் அந்த நகரத்தின் வரைபடத்தைத் திறந்தேன்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் இந்த நாட்டுக்கு அகதியாக வந்து சேர்ந்தபோது, ஊரில் இருந்த என் அப்பா எழுதிய கடிதம் எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான் இருக்கும், எப்ப வாறாய். நான் எப்படிப்பட்ட தெருவில் இருக்கிறேன், யன்னலைத் திறந்தால் என்ன தெரிகிறது, வேலைக்கு எதில் போகிறேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தெரியவில்லையோ, கேட்க விரும்பவில்லையோ. எனக்கு அது உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது. என் பிள்ளை இருக்கும் ஊரை நான் கரைத்துக் குடித்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். குடித்தேன்.

அந்த நகரம் வளர்ந்த கதை எனக்கு மனப்பாடம். முதலில் மலையில் ஒரு செப்புச் சுரங்கம். சுரங்கத்து இயந்திரங்கள் பழுதானால் திருத்த ஒரு சின்னப் பட்டறை. பட்டறையில் இருந்தவர்கள் வெளிநாட்டு மோட்டர்களைக் கழற்றிப் பூட்டி, கழற்றிப் பூட்டி, ஒருநாள் தாங்களே ஒரு மோட்டரைச் செய்துவிட்டார்கள். பட்டறை கம்பனியாயிற்று. மீன்பிடிக் குடிசைகளும் வயல்களும் இருந்த கரையில் தொழிற்சாலைகள் எழும்பின. அவற்றைச் சுற்றித் தொழிலாளர் வீடுகள், ஆஸ்பத்திரி, கடைகள், விளையாட்டு மைதானம். கரையில் இடம் முடிந்ததும் மலைச்சரிவை வெட்டி மட்டப்படுத்தி, அதன்மேல் தட்டுத் தட்டாக வீடு கட்டினார்கள். நகரத்துக்கும் கம்பனிக்கும் ஒரே பெயர். எந்த ஊர் என்று கேட்டாலும் எங்கே வேலை என்று கேட்டாலும் அங்கே பலருக்கு ஒரு பதில் போதும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நகரத்தின் சங்கடம்தான். அது நீளமாக மட்டும் வளர்ந்தது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் சமுத்திரம், அகலமாக எங்கே வளர்வது? தலைநகரத்திலிருந்து வரும் ரயில் பாதை ஒன்று. பெரிய தெரு என்று சொல்ல இரண்டு. தொழிற்சாலை தொடங்கும் நேரமும் விடும் நேரமும் அந்த இரண்டு தெருவும் அசையாது. எல்லோரும் காரில் போகிறார்கள், அதனால் யாருமே போவதில்லை. முன்பு அங்கே ஒரு சின்ன மின்சார ரயில் ஓடியிருக்கிறது. ஆட்கள் காருக்கு மாற அதுவும் படுத்துவிட்டது. தண்டவாளத்தைப் பிடுங்கி, அந்த ஒற்றைப் பாதைக்குத் தார் போட்டு, பஸ்ஸுக்கு மட்டும் என்று விட்டிருக்கிறார்கள். பஸ்ஸுக்கு மட்டும்! ஒரு கார் உள்ளே வரக்கூடாது! இதைப் படித்த அன்று நான் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சொர்க்கம் எண்டால் இதுதானப்பா" என்றேன்.

என் மனைவி முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறவள். நாள் முழுக்க மற்றவர்களின் பிடிவாதத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள். "சொர்க்கத்துக்குப் போறதெண்டால் முதல் சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றாள்.

எங்கள் பாடனும் இப்படி வளர்ந்த ஊர்தான். இந்த நாட்டின் முதல் ரயில் சூரிச்சிலிருந்து இங்கேதான் வந்தது என்று சொல்வார்கள். பிறகு மோட்டர், டர்பைன் என்று தொழிற்சாலை வந்தது. ஊர் அதற்குப் பின்னால் இழுபட்டுப் போயிற்று. ஸ்டேஷனுக்கு வடக்கே அந்தப் பழைய மண்டபங்கள் இன்னும் நிற்கின்றன. இப்போது அவற்றுக்குள் அடுக்குமாடி வீடும் உடற்பயிற்சி நிலையமும் காப்பிக் கடையும் இருக்கின்றன. வேலை விடும் நேரம் சைக்கிள்கள் தெருவை அடைத்துக்கொண்டு வருமாம். என் பஸ்ஸில் ஏறும் கிழவர்கள் இன்னும் அதைச் சொல்வார்கள். நான் தலையாட்டுவேன். ஆனால் என் கண்ணுக்கு அந்தச் சைக்கிள்கள் தெரிவதில்லை. கடல்தான் தெரியும்.

சும்மா சொல்லவில்லை. லிம்மாட் ஆற்றிலிருந்து பனிமூட்டம் எழும்பிவரும் காலைகளில், பாலத்தைத் தாண்டி மேட்டில் ஏறும்போது, கீழே ஊர் மறைந்து வெள்ளையாகக் கிடக்கும். அதை நான் கடல் என்று வைத்துக்கொள்வேன். இடப்பக்கம் திராட்சைத் தோட்டச் சரிவு, அது அங்கத்து மலை. நடுவே நானும் என் பஸ்ஸும். தரிப்பிடங்களின் பெயரை ஒலிபெருக்கி ஜெர்மனில் சொல்லும், என் மனதுக்குள் ஜப்பான் பெயர்கள் ஓடும். ஒரு தடவை ஒரு பள்ளிக்கூடப் பெண் ஏதோ கேட்க, நான் அந்த ஊர்த் தரிப்பிடத்தின் பெயரைச் சொல்லிவிட்டேன். அவள் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

மகளின் கணக்கு இதுதான். ஐந்து நாற்பதுக்கு வேலை முடியும். ஐந்து நாற்பத்தெட்டுக்கு பஸ். பழைய ரயில் நிலையம் இருந்த இடம், பாலம், ஒரு வளைவு, அந்த வளைவில் வலப்பக்கம் வீடுகளுக்கிடையில் கடல் ஒரு துண்டு தெரியும். பிறகு நாலு தரிப்பிடம். ஆறு மணி ஏழு நிமிஷத்துக்கு இறங்குவாள், எதிரே வெளிநாட்டுப் பணியாளர் விடுதி. இங்கே எனக்கு அது கோடையில் பதினொன்று ஏழு, குளிர்காலத்தில் பத்து ஏழு. காலைச் சுற்று ஓடுகிறவனுக்கு அந்த நேரம் மேட்டுத் தரிப்பிடத்தில் ஒன்பது நிமிஷ ஓய்வு வரும். எஞ்சினை நிறுத்திவிட்டு, தெர்மோஸில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, கண்ணை மூடினால் நான் அவள் பக்கத்து ஆசனத்தில் இருப்பேன். வளைவு வரும். கடல் வரும். பிறகு ஃபோனை எடுத்து எழுதுவேன்: "இறங்கீட்டியோ?"

"ஓமப்பா" என்று வரும். ஒரு நாளும் தவறியதில்லை.

அந்த ஒரு சொல் போதும் எனக்கு. அன்றைய பொழுது நல்லதாகப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே நிற்கும்போது ஆட்கள் கேட்பார்கள், மகள் எப்ப வாறா என்று. "இன்னும் பதினாலு மாசம்" என்பேன், "இன்னும் ஏழு மாசம்" என்பேன். இரண்டு வருஷம் முடிகிற நேரம் அவள் இன்னும் ஒரு வருஷம் நீட்டிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு நான் பூசை முடிந்ததும் வாகனத் தரிப்பில் போய் நிற்கப் பழகிக்கொண்டேன்.

"ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம்" என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சாட்டுச் சொன்னேன். லீவு இல்லை, முதுகு நோகுது, பதினாலு மணித்தியாலம் ஒரே இடத்தில் குந்தியிருக்க ஏலாது. பஸ் சாரதி இதைச் சொன்னால் யார் நம்புவது? உண்மை வேறு. நான் போய் அவள் வீட்டில் ஒரு இரவு படுத்தால் அது அவளுடைய வீடாகிவிடும். போகாதவரைக்கும் அது விடுதி. விடுதியில் இருக்கிற பிள்ளை திரும்பி வரும். இப்படித்தான் என் புத்தி வேலை செய்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட.

அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "பஸ்ஸின்ர நேரம் தெரியும், பாலம் தெரியும், வளைவு தெரியும். பிள்ளை என்ன சாப்பிட்டது எண்டு தெரியுமோ?" என்று ஒருநாள் கேட்டாள். நான் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் ஆள். தட்டைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

இந்த வருஷம் வசந்தத்தில், செர்ரி மரங்கள் பூத்துக் கொட்டி முடிந்த ஒரு காலை. மேட்டுத் தரிப்பிடத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்து எழும்பிப் பார்க்கிறேன், நடு ஆசனத்தில் ஒருவர் கோட்டோடு நித்திரை. ஜப்பான்காரர், ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, அதில் மகள் வேலை செய்யும் ஜப்பான் கம்பனியின் பெயர்.

மெல்லத் தட்டினேன். அவர் பதறி எழுந்து, "மன்னிக்க வேண்டும், என் தரிப்பிடம் போய்விட்டதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். முந்தாநாள்தான் வந்தாராம், உடம்பு இன்னும் அங்கத்து நேரத்தில் இருக்கிறதாம்.

"இருங்கள். ஒன்பது நிமிஷத்தில் இதே பஸ் திரும்பிப் போகும். நானே சொல்லி இறக்கிவிடுகிறேன்" என்றேன். பிறகு வாயைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. "உங்கள் ஊரில் பழைய ரயில் பாதையில் பஸ் ஓடுகிறதல்லவா?"

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நித்திரை எங்கேயோ போய்விட்டது. நான் விட்டேனா? சுரங்கம், பட்டறை, சின்ன மின்சார ரயில், இரண்டு தெரு, தரிப்பிடப் பெயர்கள் ஒவ்வொன்றாக. அவர் கைதட்டிச் சிரித்தார். தன் அப்பா அந்தச் சின்ன ரயிலில்தான் தொழிற்சாலைக்குப் போனவர் என்றார். நான் மணிக்கூட்டைக் காட்டினேன். பதினொன்று ஏழு.

"இந்த நிமிஷம் என் மகள் இறங்குகிறாள். வெளிநாட்டுப் பணியாளர் விடுதிக்கு முன்னால்" என்றபடி, வழக்கம்போல "இறங்கீட்டியோ?" என்று எழுதி அனுப்பினேன்.

அவர் சிரிப்பு நின்றது. தலையைக் கொஞ்சம் சரித்து, பல்லுக்கிடையால் மூச்சை இழுத்தார். "அந்த விடுதியா? அது பழைய கட்டடம். போன வருஷம் வசந்தத்தில் இடித்துவிட்டார்களே. இப்போது அங்கே ஒரு மருந்துக் கடை இருக்கிறது. பெரிய கார்த் தரிப்பிடத்தோடு" என்றார் மெதுவாக. என் முகம் மாறியதைக் கண்டு, "தரிப்பிடம் அப்படியே இருக்கிறது, பெயரும் அதேதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

என் கையில் ஃபோன். அதில் அப்போதுதான் வந்து விழுந்தது: "ஓமப்பா."

அன்று கீழே இறங்கும் வழியில், ஒரு தரிப்பிடத்தில் குழந்தை வண்டியோடு நின்ற பெண்ணை விட்டுவிட்டுப் போய்விட்டேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. கண்ணாடியில் அவள் கை வீசுவது சின்னதாகத் தெரிந்தது. ஜப்பான்காரரைச் சரியான இடத்தில் இறக்கினேன், அவர் இரண்டு தரம் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

பின்னேரம் வீட்டுக்குப் போனால் மனைவி கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றபடி கேட்டேன். "பிள்ளை அந்த விடுதியில இல்லை. உமக்குத் தெரியுமோ?"

அவள் கழுவிய கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"போன வருஷம் தொடக்கம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

"கேக்கேல்லையோ! நாள் தவறாமல் கேட்டனான்!"

"இறங்கீட்டியோ எண்டு கேட்டியள்" என்றாள் அவள், கையைத் துடைத்துக்கொண்டு. "வேற என்ன கேட்டனீங்கள்? அவள் சொல்ல வெளிக்கிட்டவள். ஒருக்கா இல்லை, மூண்டு தரம். ஒவ்வொரு முறையும் நீங்கள் பஸ்ஸைத் தொடங்கீட்டியள். பிள்ளை வாயை மூடீட்டுது." பிறகு, இதையும் சொல்லிவிடுவோம் என்பதுபோல, "அவளுக்கு ஒரு ஆள் இருக்கு. பள்ளிக்கூட வாத்தியார். மலையில வீடு எடுத்திருக்கினம். அங்கயே இருக்கப் போறாள்" என்றாள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. தாயும் மகளும் சேர்ந்து என்னைப் பேயனாக்கிவிட்டீர்கள் என்றேன். மேல்வீட்டுக்காரர் தரையில் தட்டினார். மனைவி சோறு போட்டு மூடி வைத்துவிட்டு இரவு வேலைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நாலு நாள் நான் பதினொன்று ஏழுக்கு ஒன்றும் எழுதவில்லை. கை ஃபோனுக்குப் போகும், திரும்பும். கண்ணை மூடினால் வளைவு வருகிறது, கடல் வருகிறது, பக்கத்து ஆசனத்தில் ஆள் இல்லை. ஒரு வருஷமாக வெறும் ஆசனத்தோடு கதைத்துக்கொண்டு போயிருக்கிறேன் என்ற எண்ணம் வந்ததும் தேத்தண்ணியை வெளியே ஊற்றினேன். கோபம் என்று நினைத்தேன். கோபம் இல்லை, பயம். பிள்ளை வரமாட்டாள்.

ஐந்தாம் நாள் பதினொன்று ஒன்பதுக்கு ஃபோன் அதிர்ந்தது. மகள் எழுதியிருந்தாள்: "அப்பா, ஏன் கேக்கேல்லை?"

பின்னால் ஒரு கிழவி ஏறி, "கிரூட்சி" என்று வணக்கம் சொல்லி உட்கார்ந்தார். நான் எழுதினேன்: "இப்ப எதில போறாய்?"

"காரில."

இரண்டு நிமிஷம் கழித்து இன்னொன்று வந்தது. "நாளைக்கு உங்களுக்கு லீவெல்லோ. என்னோட வாங்கோ. ஐஞ்சு நாப்பதுக்கு எடுக்கிறன்."

மறுநாள் நான் முகம் சவரம் செய்து, சேர்ட் மாற்றி, குசினி மேசையில் ஃபோனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். மனைவி பார்த்தும் பாராதவள்போல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் நேரம் பத்து நாற்பதுக்கு மணி அடித்தது. திரையில் மகளின் முகம் இல்லை. ஒரு காரின் முன்கண்ணாடி, அதற்கப்பால் தொழிற்சாலை வாசல், ஆட்கள், மஞ்சள் வெயில்.

"ஓட்டேக்க ஃபோன் பாக்கக் கூடாது" என்றேன் முதலில்.

"பாக்கேல்லை அப்பா. ஸ்டாண்டில திருப்பிப் பூட்டியிருக்கு, திரை ரோட்டைத்தான் பாத்துக்கொண்டிருக்கு. எனக்கு உங்கட முகம் தெரியாது. குரல் மட்டும்தான்."

கார் தெருவுக்கு வந்தது. அங்கே இடப்பக்கமாகத்தான் ஓட்டுவார்கள். என் வலக்கால் மேசைக்கடியில் பிரேக்கைத் தேடியது. கணினிப் படத்தில் நான் பார்த்த தெருதான், ஆனால் படத்தில் அது அசையாமல் சுத்தமாக இருந்தது. இங்கே கம்பிகள் ஆடின, ஒரு மனிதர் கடைக்கு முன்னால் தண்ணீர் தெளித்தார், பிள்ளைகள் ஒரே மாதிரித் தொப்பி போட்டுக்கொண்டு கடந்தார்கள். இரண்டு நிமிஷம் ஓடியிருக்கும், கார் நின்றது. முன்னால் சிவப்பு விளக்குகள், கண்ணுக்கெட்டிய தூரம்.

"இதுதான் அந்த ரெண்டு ரோட்டில ஒண்டு" என்றாள். "நாப்பது நிமிஷம் இப்பிடியே நிக்கும். இனிக் கதைப்பம்."

அந்த நெரிசலை நான் என்ன சொல்லித் திட்டியிருக்கிறேன் மூன்று வருஷமாக! அன்றைக்கு அது எனக்கு உதவி செய்தது. போக வழியில்லை, பிள்ளைக்கும் வழியில்லை, எனக்கும் வழியில்லை.

அவள் சொன்னாள். முதல் குளிர்காலம் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் அழுதாளாம். சத்தம் வராமல் அழப் பழகிக்கொண்டாளாம், அந்த ஊரில் பஸ்ஸுக்குள் யாரும் கதைக்க மாட்டார்களாம். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு கைக்குட்டையை அவள் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாராம். இரண்டாம் வருஷம் வயிற்றில் ஒப்பரேஷன், அப்பென்டிக்ஸ். ஐந்து நாள் ஆஸ்பத்திரி. மொழி வகுப்பில் பழகிய அந்த வாத்தியார்தான் வந்து படிவங்களை வாசித்துச் சொல்லி, எங்கே கையெழுத்துப் போடுவது என்று காட்டினாராம், கஞ்சி கொண்டுவந்தாராம்.

"அந்த ஐஞ்சு நாளும் நான் உனக்கு எழுதினனான்" என்றேன்.

"ஓமப்பா. இறங்கீட்டியோ எண்டு."

"நீ ஓமப்பா எண்டு எழுதினாய்."

"வேற என்ன எழுத? சேலைன் ஏறிக்கொண்டிருக்குது எண்டோ?" அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது.

கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை, அவளுக்குத்தான் என் முகம் தெரியாதே.

கார் பத்தடி நகர்ந்து நின்றது. வீடுகளுக்குப் பின்னால், உயரத்தில், ஒரு பஸ் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வெள்ளை நிறம். யன்னலோரம் இரண்டு பேர், மற்ற ஆசனங்கள் வெறுமை.

"அங்க பாருங்கோ அப்பா, உங்கட பஸ்."

பார்த்தேன். ஐந்து விநாடி. பிறகு ஒரு சுவருக்குப் பின்னால் மறைந்துவிட்டது. எத்தனை நூறு தடவை போன பஸ். வெளியிலிருந்து அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"ஏன் பிள்ளை சொல்லேல்லை? விடுதி மூடினதை எண்டாலும்?"

"சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். சாமானெல்லாம் ஏத்தி முடிச்சிட்டு நிக்கிறன், சரியா ஆறு ஏழுக்கு நீங்கள் எழுதிறியள். இல்லை எண்டு நான் எழுதினால், நீங்கள் தனிய அந்த பஸ்ஸில இருந்திருப்பியள் அப்பா. இறக்கிவிட மனம் வரேல்லை. நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு ஒரு வருஷம் போட்டுது."

மனைவி வெங்காயத்தை விட்டுவிட்டு என் பின்னால் வந்து நின்றாள். நாற்காலியின் முதுகை அவள் பிடித்தது எனக்குத் தெரிந்தது.

"நான் திரும்பி வரமாட்டன் அப்பா" என்றாள் மகள். "எனக்கு இஞ்ச பிடிச்சிருக்கு. இந்த ட்ராஃபிக்கோட சேத்துத்தான். கோவிக்காதேங்கோ."

மூன்று வருஷமாக நான் எந்த வார்த்தைக்குப் பயந்து ஓடினேனோ அது வந்துவிட்டது. வந்து மேசையில் உட்கார்ந்துவிட்டது. இனி ஓட இடமில்லை.

"முன்னால நிண்ட கார் நகர்ந்திட்டுது, எடு" என்றேன்.

அவள் எடுத்தாள். ஒரு சந்தியில் திரும்பியதும் கடல் தெரிந்தது. துண்டு இல்லை, முழுக் கடல், கார்க் கண்ணாடி நிறைய. பிறகு தெரு மலைக்கு ஏறத் தொடங்கியது. வளைந்து வளைந்து, தட்டுத் தட்டாக வீடுகள். பாதி வீடுகளில் யன்னல் மூடியிருந்தது. தொழிற்சாலை பெருத்த காலத்தில் வெட்டிக் கட்டிய குடியிருப்பு இது, பிள்ளைகள் தலைநகரத்துக்குப் போய்விட வயதானவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள், அதனால்தான் மலிவாகக் கிடைத்தது என்றாள்.

"இஞ்ச எந்த பஸ் வரும்?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

"பின்னேரம் வராதப்பா. காலமை ஒண்டு, மத்தியானம் ஒண்டு. நீங்கள் வந்தால் நான்தான் ஸ்டேஷனுக்கு வந்து ஏத்த வேணும்."

கார் நின்றது. சின்ன வீடு, சாம்பல் ஓடு, வாசலில் ஒரு எலுமிச்சைச் செடி. கதவைத் திறந்துகொண்டு ஒரு மெலிந்த ஆள் வந்து, மகள் கையிலிருந்த ஃபோனைப் பார்த்ததும் திடுக்கிட்டு, இடுப்பை மடித்துக் குனிந்தார். நிமிரவே இல்லை. நானும் குசினியில் எழும்பி நின்று குனிந்தேன். எவ்வளவு நேரம் குனிய வேண்டும் என்று தெரியவில்லை. மனைவிதான், "போதும், நிமிருங்கோ" என்றாள்.

மகள் ஃபோனை அவர் கையில் கொடுத்துவிட்டு வாசலில் குந்தினாள். உள்ளே ஏறும் படியில் வீட்டுச் செருப்புகள் வரிசையாக இருந்தன, அங்கே அது வழக்கம். வருகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவற்றைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அவளுடையதும் அவருடையதும் தேய்ந்திருந்தன. பக்கத்தில் இன்னும் இரண்டு சோடி. புத்தம் புதிது. கடை அட்டை நூலில் தொங்கியது.

"இது உங்கட, அப்பா. மற்றது அம்மான்ர. வீடு எடுத்த கிழமை வாங்கினனான்."

"என்ர அளவு?"

"நாப்பத்திரண்டு. அம்மாட்டைக் கேட்டனான்."

நான் திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் யன்னலைப் பார்த்தாள்.

"அட்டையை ஏன் இன்னும் வெட்டேல்லை?" என்றேன்.

"நீங்கள் வந்து போடேக்க வெட்டுவம் எண்டு."

ஒரு தரம் செருமிக்கொண்டேன். "கத்தரிக்கோல் இருக்கோ?"

"இருக்கு."

"வெட்டு, பிள்ளை."

அவள் நிமிர்ந்து ஃபோனைப் பார்த்தாள். அவ்வளவு நேரமும் அவளுக்குத் தெரியாமலிருந்த என் முகம் இப்போது தெரிந்திருக்கும். உள்ளே ஓடிப்போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். முதலில் என்னுடையதை வெட்டினாள், பிறகு அம்மாவுடையதை. வெட்டிய இரண்டு அட்டைகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி சொன்னாள்:

"இனிக் கடையில திருப்பிக் குடுக்கேலாது அப்பா."